மூன்றாம் தெருவில் கரடி

ஃபிளோரா மருதம் நகர் மூன்றாம் தெருவில் வீடு பார்த்தபோது, கடலோர உவரியிலிருந்து வந்த அவளுடைய சொந்தக்காரர்கள் தெருவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏட்டி, வீடு பாக்கச் சொன்னா காட்டைப் பாத்திருக்கியே" என்று சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அம்பாசமுத்திரத்தில் அரசுப் பள்ளி ஆசிரியை வேலை. கணவன் மத்தியாஸ் சரக்குக் கப்பலில் இருந்தான். வருடத்தில் பாதி நாள் அவன் எந்தக் கடலில் இருக்கிறான் என்பதே தெரியாது. ஒன்பது வயது மகள் அனிஷாவோடு தனியாக இருக்க, சந்தடி இல்லாத, நல்லவர்கள் வாழ்கிற இடமாக வேண்டும் என்று அவள் தேடினாள். எல்லோரும் மருதம் நகரைத்தான் சொன்னார்கள்.

ஊருக்கு மேற்கே, வயல்கள் முடிகிற இடத்தில் இருந்தது அந்த நகர். இரண்டு பக்கமும் புங்கையும் வாகையும் வேம்பும் மேலே ஒன்றோடொன்று கோத்து நின்றதால் நடுப்பகலிலும் தெருவில் வெயில் விழாது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஆள் உயரத்துக்கு மேல் சுற்றுச்சுவர், சுவரின் மேல் சிமெண்டில் பதித்த பாட்டில் கண்ணாடி, இரும்புக் கேட், கேட்டில் பூட்டு. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. உவரியில் அவள் தும்மினால் பக்கத்து வீட்டில் கேட்பார்கள். இங்கே வந்த புதிதில், ஒரு மத்தியானம் மிக்ஸி ஷாக் அடித்து அவள் அலறியிருக்கிறாள். யாரும் வரவில்லை. அன்றைக்குத்தான் முதல்முறையாக அந்த அமைதி அவளுக்குப் பயமாக இருந்தது.

பக்கத்து வீட்டில் பிரம்மநாயகி தனியாக இருந்தார். தாலுகா அலுவலகத்தில் பெரிய பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவர், கணவர் இல்லை, மகன் கனடாவில். இரண்டு மனையைச் சேர்த்து எழுப்பிய நீளமான சுவர் அவருடையது. அவர் வீட்டு வாதாம் மரத்தின் இலைகளெல்லாம் ஃபிளோராவின் வாசலில்தான் விழுந்தன. ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "மேடம், எலையெல்லாம் எங்க வாசல்லதான் விழுது" என்று சொல்லிவிட்டாள்.

"மரம்னா எலை உதிரத்தான் செய்யும் டீச்சர். காத்து எந்தப் பக்கம் அடிக்கணும்னு நானா சொல்லுதேன்?" என்றார் பிரம்மநாயகி.

அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

ஆனி மாதம் சாரல் தொடங்கிய வாரத்தில், நகர் சங்கத்தின் வாட்ஸாப் குழுவில் யாரோ ஒரு படம் போட்டிருந்தார்கள். தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் விளக்குகள் கவிழ்ந்து, எண்ணெய் நக்கப்பட்டிருந்தது. 'கரடியா இருக்குமோ? கல்லிடைக்குறிச்சிப் பக்கம் நடமாடுதுன்னு சொல்லுதாங்க' என்று ஒருவர் எழுதியிருந்தார். சங்கத் தலைவர் சிவசண்முகம் உடனே பதில் போட்டார்: 'நாய் வேலை. வதந்தி பரப்ப வேண்டாம். நமது நகர் பாதுகாப்பானது.'

ஃபிளோரா அன்றைக்கு வீட்டுக் கதவை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள்.

இரண்டு நாள் கழித்து, காலையில் அனிஷாவைப் பள்ளி வேனில் ஏற்றக் கிளம்பினாள். கிளைகள் தாழ்ந்து கிடந்ததால் வேன் தெருவுக்குள் வராது, முனையில்தான் நிற்கும். தூறல் விட்டிருந்தது. மரங்களிலிருந்து மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. பிரம்மநாயகியின் கேட்டைத் தாண்டி அவருடைய நீளமான சுவரின் பாதித் தூரம் வந்திருப்பார்கள். எதிர்ப்பக்கம் சிவசண்முகத்தின் வீடு. அதற்கு முன்னால், இப்போது அவர்களுக்குப் பின்னால், புதர் மண்டிய காலி மனை.

"அம்மா, அங்கன பாரு, நாய்க்குட்டி" என்றாள் அனிஷா.

முன்னால், வாய்க்கால் பாலத்தின் அடியிலிருந்து கறுப்பாக, கம்பளிச் சுருள்போல ஒன்று ஏறி வந்து தெருவின் நடுவில் நின்றது. அதன் மூஞ்சி வெளுப்பாக இருந்தது. நாய்க்குட்டிக்கு அவ்வளவு பெரிய நகம் இருக்காது.

ஃபிளோராவுக்கு ஒரு கணம் எதுவும் விளங்கவில்லை. பிறகு, குட்டி இங்கே இருந்தால் தாய் எங்கே என்ற நினைப்பு வந்தது. பையத் திரும்பிப் பார்த்தாள்.

காலி மனையின் எருக்கம்புதர் விலகித் தாய்க்கரடி தெருவுக்கு வந்திருந்தது. பிரம்மநாயகியின் கேட்டுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம். ஈரத்தில் சடைசடையாகத் தொங்கிய முடி, நெஞ்சில் வெள்ளைக் கோடு. தலையைத் தாழ்த்தி மோப்பம் பிடித்தது. அது மூச்சு விட்ட சத்தம், துருத்தி ஊதுவதுபோல, இவ்வளவு தூரத்துக்குக் கேட்டது. குட்டிக்கும் தாய்க்கும் நடுவில் இவர்கள் இருவரும் நின்றார்கள்.

"ஓடாத மக்களே. அம்மா கையை விடாத."

அனிஷாவை இழுத்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்து சிவசண்முகத்தின் கேட்டை அடைந்தாள். பூட்டியிருந்தது. தட்டினாள். அதற்குமேல் பொறுக்க முடியாமல் இரண்டு கையாலும் இடித்தாள்.

"சார்! கேட்டைத் திறங்க சார்! பிள்ள இருக்கு சார்!"

ஜன்னல் திரை விலகியது. சிவசண்முகத்தின் முகம் தெரிந்தது. அவரும் தெருவைப் பார்த்தார். அவர் பார்த்ததை ஃபிளோரா பார்த்தாள். திரை மறுபடி மூடிக்கொண்டது.

வாழ்நாளில் அவள் அப்படிப் பயந்ததில்லை. கரடியைக் கண்டபோதுகூட உடம்புதான் நடுங்கியது. அந்தத் திரை மூடியபோது, உலகத்தில் தானும் பிள்ளையும் மட்டும்தான் இருக்கிறோம் என்று தோன்றிவிட்டது.

கரடி நடக்கத் தொடங்கியது. பிறகு அது நடை இல்லை.

எதிரே பிரம்மநாயகியின் சுவருக்கு எப்படி வந்தாள் என்று அவளுக்குப் பிற்பாடு நினைவில்லை. அனிஷாவின் புத்தகப் பையைப் பிடுங்கிச் சுவரின் கண்ணாடிமேல் எறிந்து அமுக்கினாள். பிள்ளையைத் தூக்கி அதன்மேல் தள்ளினாள். "குதி! அந்தப் பக்கம் குதி!" அனிஷா அவளுடைய கழுத்தை விடாமல் பிடித்துக்கொண்டு அலறினாள். அந்த விரல்களைப் பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது. அப்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பிரம்மநாயகியின் குரல் கேட்டது.

"விடு டீச்சர், நான் பிடிச்சிக்கிடுதேன்! விடு!"

பிள்ளை கையைவிட்டுப் போனது. அந்தப் பக்கம் இரண்டு பேர் விழுந்த சத்தம் கேட்டது. ஃபிளோரா திரும்புவதற்குள் முதுகில் சுவரே இடிந்து விழுந்ததுபோல ஓர் அடி. இடது தோளில் சூடாக ஏதோ கிழிந்தது. தரையில் கிடந்தாள். ஈர முடியின் நாற்றமும் அழுகிய பழ வாடையும் முகத்துக்கு மேல் இருந்தன. கைகளால் முகத்தை மூடிக்கொண்டு, "மாதாவே, மாதாவே" என்று மட்டும் சொன்னாள்.

திடீரென்று பிரம்மநாயகியின் கார் அலறத் தொடங்கியது. சுவருக்குள் நின்ற அந்தப் பழைய காரின் அபாய ஒலி விட்டுவிட்டுத் தெருவையே பிளந்தது. கூடவே கேட்டில் இரும்பால் அடிக்கிற சத்தம். ஒரு பெண் வாய்க்கு வந்த கெட்ட வார்த்தைகளையெல்லாம் கத்துகிற சத்தம். ஃபிளோராவின் மேலிருந்த கனம் விலகியது. நகங்கள் தாரில் உரசிக்கொண்டு போயின. கையை எடுத்துப் பார்த்தபோது, தாயும் குட்டியும் வாய்க்கால் கரையில் ஏறி மேற்கே மறைந்துகொண்டிருந்தன. கேட் திறந்து கிடந்தது. வெளியே நைட்டியோடு, கையில் கடப்பாரையோடு பிரம்மநாயகி நின்றார்.

"போயிட்டு ஃபிளோரா. எந்திரிக்காத, அப்படியே கிட. பிள்ளைக்கு ஒண்ணுமில்ல."

அதன்பிறகுதான் கேட்டுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

தோளில் தையல் போட்டார்கள். ஊசி மருந்துகள், ஒரு வாரம் ஆஸ்பத்திரி. அனிஷாவின் முழங்காலில் கண்ணாடி கீறியிருந்ததைத் தவிர வேறு காயமில்லை. ஆனால் அவள் இரவில் அம்மாவின் கழுத்தை விடாமல் பிடித்துக்கொண்டு தூங்கினாள். வனத்துறையினர் காலி மனையில் கூண்டு வைத்து, பலாப்பழமும் தேனும் போட்டுப் பார்த்தார்கள். கூண்டு காலியாகவே கிடந்தது. மலைக்கே போயிருக்கும் என்று ஒருவர் சொன்னார். ஆற்றுக்கு இந்தப் பக்கம்தான் கால்தடம் இருக்கிறது என்று இன்னொருவர் சொன்னார்.

வீட்டுக்கு வந்த மறுநாள் சிவசண்முகம் வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கொடுத்த காப்பியைத் தொடாமலே ஆறவிட்டார்.

"சாவி கையிலதாம்மா இருந்துச்சு" என்றார் கடைசியில். "மருமக பிள்ளை பெத்து வந்திருக்கா, உள்ள பச்சப் பிள்ள. அதுனாலன்னு எல்லார்ட்டயும் சொல்லிட்டேன். ஆனா நெசம் அதில்ல. கால் நகரல."

அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. பரவாயில்லை சார் என்று சொல்லிவிட்டால் அவர் நிம்மதியாக எழுந்து போயிருப்பார். அந்த வார்த்தை ஃபிளோராவின் வாயில் வரவில்லை.

"எனக்கும் நகரலதான் சார்" என்றாள். "கையில பிள்ளை இருந்துச்சு, நகந்துட்டு."

அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம் நடந்தது. மரங்களையெல்லாம் வெட்டிவிட வேண்டும் என்று பாதிப் பேர் சத்தம் போட்டார்கள். வெட்டினால் கலெக்டர் வரைக்கும் போவேன் என்று பிரம்மநாயகி எழுந்து நின்றார். அடிபட்டவங்க சொல்லட்டும் என்று யாரோ சொல்ல, எல்லோரும் ஃபிளோராவைப் பார்த்தார்கள்.

"மரத்தை என்ன செய்யணும்னு எனக்குத் தெரியல. எலை அசைஞ்சாலே எனக்கு வேர்க்குது, அதையும் சொல்லிக்கிடுதேன்" என்றாள். "ஆனா காலையில பிள்ளைக வேனுக்குப் போற நேரம் எந்த வீட்டுக் கேட்டும் பூட்டியிருக்கக் கூடாது. அது போதும்."

திருட்டுப் பயம் இருக்கே என்று ஒருவர் இழுத்தார். பிறகு, பார்க்கலாம் என்றார்கள். காலி மனையை மட்டும் மறுநாளே இயந்திரம் வைத்துச் சுத்தம் செய்தார்கள்.

மத்தியாஸ் எங்கோ நடுக்கடலிலிருந்து வீடியோவில் பேசினான். அவன் அழுதிருப்பது தெரிந்தது. "வேலையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். உவரிக்குப் போயிரு" என்றான்.

"அங்கயிருந்து தெனமும் எப்படி வந்து போறது? மாறுதல் கிடைக்குறப்ப கிடைக்கட்டும்" என்றாள். "பக்கத்துல அக்கா இருக்காங்க." அப்படிச் சொன்னபோதுதான், மேடம் என்பது எப்போது அக்காவாக மாறியது என்று அவளே யோசித்தாள்.

விடுப்பு முடிந்த அன்று காலையில் அனிஷா சீருடை போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் வரல. அது திரும்பி வரும்."

வராது என்று சொல்ல ஃபிளோரா வாயெடுத்தாள். பிள்ளை அவளுடைய கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தது.

"வரலாம்" என்றாள் ஃபிளோரா. "அம்மாவுக்கும் பயமாத்தான் இருக்கு."

அனிஷா அதைக் கொஞ்சம் யோசித்தாள். பிறகு எழுந்து, தையல் போடாத பக்கத்துக் கையைப் பிடித்துக்கொண்டாள். தெருவில் இறங்கினார்கள். ஈர இலைகளுக்கு அடியில் ஏதோ சரசரத்தது. இருவரும் அப்படியே நின்றார்கள். ஓணானோ, அணிலோ, வெறும் காற்றோ. எதுவும் வெளியே வரவில்லை. முனையில் வேன் ஹாரன் அடித்தது. ஃபிளோரா ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு, பிள்ளையின் கையை இறுக்கிக்கொண்டு நடந்தாள்.