லேபிள் அறை மோட்டார்

தொழிற்சாலையில் எனக்குக் 'காது டாக்டர்' என்று பெயர். ஸ்க்ரூடிரைவரின் நுனியை மோட்டார் மேல் ஊன்றிக் கைப்பிடியைக் காதில் வைத்தால் போதும், பேரிங் இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்று சொல்லிவிடுவேன். இருபத்தாறு வருட எலக்ட்ரீஷியன் வேலையில் அது தப்பியதே இல்லை. அந்தத் தலைக்கனம்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

லேபிள் ஒட்டும் அறையில் காற்று ஊதும் ப்ளோயரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கப் புதிதாக இன்வெர்ட்டர் மாட்டினோம். அது கரண்டை மோட்டாருக்கு நேராகக் கொடுக்காது, நறுக்கி நறுக்கித்தான் அனுப்பும். அந்த நறுக்கல் மோட்டாரின் இரும்பில் விசிலாகக் கேட்கும். நொடிக்கு நான்காயிரம் தடவை நறுக்கியபோது மேனேஜர் அறை வரை கேட்டது, மனுஷன் குதித்தார். நான் அதைப் பன்னிரண்டாயிரம் ஆக்கினேன். விசில் நின்றது. மேனேஜர் தோளில் தட்டிக்கொடுத்தார், எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த அறையில் தனியாக உட்கார்ந்து லேபிள் ஒட்டிய பெண் மட்டும் சத்தம் நிற்கவில்லை என்றாள். காதில் ஊசி ஏற்றுவதுபோல் இருக்கிறது, தலை வலிக்கிறது என்று வாரத்துக்கு இரண்டு தடவை வந்து நின்றாள். இருபத்தொரு வயது, வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். மூன்று முறை போய் ஸ்க்ரூடிரைவரை வைத்துப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. மேனேஜர் கேட்டபோது அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னேன்.

"மோட்டார்ல ஒண்ணுமில்ல சார். இந்தப் பொண்ணுக்குத்தான் ஏதோ ஆயிருக்கு."

அவள் தலையைக் குனிந்துகொண்டு லேபிள் அறைக்குத் திரும்பிப் போனாள். பிறகு அடிக்கடி லீவு போட்டாள். சாக்குச் சொல்கிறாள் என்று வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

மூன்று மாதம் கழித்து, வீட்டுச் சாவி வாங்க என் மகள் தொழிற்சாலைக்கு வந்தாள். நான் வேலை பார்த்துக்கொண்டிருந்த லேபிள் அறைக்குள் காலை வைத்ததுமே இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். இதற்குள் எப்படி நிற்கிறீர்கள் என்று கேட்டாள். நான் சிரித்தேன். அவள் போனில் சத்தத்தைக் கோடாக வரைந்து காட்டும் ஒன்றைத் திறந்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். ஓர் ஓரத்தில் காற்றின் இரைச்சல், அப்புறம் வெறுமை, அதைத் தாண்டி ஒற்றைக் கோடு செங்குத்தாக நின்றது. பக்கத்தில் பன்னிரண்டாயிரம் என்று எண். நான் என் கையால் வைத்த எண்.

சத்தம் எங்கேயும் போகவில்லை. வயதாகி, மெஷின்களோடு இருந்து தேய்ந்த என் காதுக்கு எட்டாத இடத்தில் அதை ஏற்றி வைத்திருந்தேன். மேனேஜருக்கும் என் வயதுதான். அவரிடம் போய், தப்பு என்னுடையது, அந்தப் பெண்ணைத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்றேன். முடிந்ததை ஏன் கிளறுகிறாய் என்று முனகிவிட்டு, கடைசியில் வரச்சொல் என்றார்.

அன்று சாயங்காலமே அவள் வீட்டுக்குப் போனேன். பாதியாக இளைத்திருந்தாள். எதையும் மறைக்காமல் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு அவள் அம்மாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்ப எனக்குப் பைத்தியம் இல்லையாண்ணா?"

அவளே தொடர்ந்தாள்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நானே மனநல டாக்டர்கிட்ட போனேன். யாருக்கும் கேக்காத சத்தம் எனக்குக் கேக்குதுன்னு சொன்னேன். அன்னையிலேருந்து மாத்திரை சாப்பிடுறேன்."

திட்டுவாள், கதவைச் சாத்துவாள் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டுதான் போயிருந்தேன். அவள் அழுதுகொண்டே என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, ரொம்ப நன்றிண்ணா என்றாள்.