விட்டுப்போன ஓரெழுத்து

ஹாங்காங்கின் சுன் வான் பகுதிச் சாயப்பட்டறையில் தீப்பிடித்து இரண்டு பெண்கள் இறந்த மறுநாள், வாக்குமூலம் எழுதும் வேலை கிளார்க் சுக்-யீ தலையில் விழுந்தது. பள்ளியில் கட்டுரைக்குப் பரிசு வாங்கியவள் அவள்.

காவலாளி, தாம் என்ற பெரியவர், எதிரே உட்கார்ந்து தொப்பியை உருட்டிக்கொண்டிருந்தார்.

"சிகரெட்டோட தீப்பிடிச்ச கொட்டகைக்குள்ள போனது யாரு, பெரியப்பா?"

"முதுகுதாம்மா தெரிஞ்சுது. காம்-சிங் போல."

காம்-சிங் அதே பட்டறைத் தொழிலாளி. பெரியவர் சொன்னது கான்டனீஸில். அந்தப் 'போல', வாக்கியத்தின் வாலில் தொங்கும் 'க்வா' என்ற ஒற்றை அசை. ஹாங்காங்கில் வாய் ஒன்று பேசும், கை வேறொன்று எழுதும். காகிதத்தில் ஏறுவது வடக்கத்தியரின் மாண்டரின் நடை. அங்கே க்வாவுக்கு இடமில்லை. எழுதினால் வாத்தியார் சிவப்பு மையால் சுழிப்பார். கை பழகிய பழக்கத்தில் சுக்-யீ எழுதினாள்: 'போனவர் காம்-சிங்.'

முறைப்படி வாசித்தும் காட்டினாள். உச்சரிப்பு கான்டனீஸ்தான், ஆனால் வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. பெரியவருக்கு ரேடியோச் செய்தி கேட்பது போலிருந்தது. படித்த பெண் தப்பாகவா எழுதுவாள்? கட்டைவிரல் ரேகை வைத்தார்.

மேனேஜர் ஷாவ் வடக்கே தியான்ஜினிலிருந்து வந்தவர். காகிதத்தை மாண்டரினில் உரக்கப் படித்தார். அவர் வாயில் அது எழுத்தாகவே இல்லை. நேரில் பார்த்த ஒருவன் அடித்துச் சொல்வது போல் ஒலித்தது. விட்டுப்போன 'போல' சுக்-யீக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் காகிதத்தை வாங்கிக் கோப்பில் வைத்தாள்.

"அவரு சிகரெட்டைத் தொட்டதே இல்லீங்க" என்று காம்-சிங்கின் மனைவி வாசலில் நின்று அழுதாள். யாரும் கேட்கவில்லை. வேலை போயிற்று, வேறெந்தப் பட்டறையும் அவனைச் சேர்க்கவில்லை. நாற்பதாம் நாள் படகுத்துறையில் அவன் உடல் ஒதுங்கியது.

அதன்பிறகுதான் ஆரம்பித்தது. "சோறு ஆயிடுச்சு" என்று சுக்-யீயை அம்மா கூப்பிடுவாள். அம்மா வாய் மூடியபிறகு, கரகரத்த ஆண்குரல் ஒன்று "போல" என்று முடித்து வைக்கும். பேருந்தில் நடத்துனர் நிறுத்தத்தைச் சொன்னாலும் அதே குரல். அது காம்-சிங்கின் குரல். பட்டறைத் தேநீர் வேளைகளில் அவள் கேட்டுப் பழகிய குரல்.

தாம் பெரியவரிடம் ஓடினாள். "அன்னைக்கு நீங்க சொன்னது..."

"போலன்னு சொன்னேன். நீ எழுதலையா?"

அன்றே புதிதாக எழுதினாள், பேசியது பேசியபடியே. குதிரைப்பந்தயப் பத்திரிகையில் மட்டும் பார்த்திருந்த அந்த எழுத்தை, பேச்சுச் சொல் என்று காட்டும் வாய்க்குறியைப் பக்கத்தில் போட்டு, எழுதினாள். மேனேஜர் பாதியிலேயே திணறி நிறுத்தினார்.

"என்ன எழுத்து இது? இதெல்லாம் சீனமா? கொண்டு போ."

காம்-சிங் வீட்டில், செத்தவர்களுக்கு வைக்கும் ஏழாம் மாதப் படையல் நடந்துகொண்டிருந்தது. நடைபாதைத் தகரத்தில் அவர்களுக்கு அனுப்பும் தாள்பணம் எரிந்தது.

"வாசிங்க கிளார்க்கம்மா" என்றாள் அவன் மனைவி. "எனக்குப் படிக்க வராது."

சுக்-யீ வாசித்தாள். தாம் பெரியவரே தொண்டையைச் செருமிக்கொண்டு பேசுவது போலிருந்தது. மனைவி இன்னொரு தாள்பணத்தை நெருப்பில் போட்டாள்.

"தப்பு என்னுதுதான், அண்ணி. இதை அவருக்கு எரிச்சு அனுப்பிடலாமா?"

"செத்தவருக்கு எதுக்கு? அவருக்குத் தெரியாததா? இருக்கறவங்களுக்குத்தான் தெரியல."

மறுநாள் காலை பட்டறைக் கதவில் அந்தத் தாள் ஒட்டியிருந்தது. வேலைக்கு வந்தவர்கள் முதலில் சிரித்தார்கள்: "சண்டை போடற பேச்சை யாருடா எழுத்துல போட்டது?" உரக்கப் படிக்கப் படிக்கச் சிரிப்பு அடங்கியது. கடைசியில் அந்தப் 'போல' வந்தபோது ஒருவன் தொப்பியைக் கழற்றினான்.

கிழிக்கச் சொன்னார் மேனேஜர். தாம் பெரியவர் கதவை மறைத்துக்கொண்டு நின்றார். சுக்-யீ பட்டறைச் சாவிக்கொத்தை மேனேஜர் மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். காம்-சிங்கின் மனைவி தெருமுனையில் நின்றிருந்தாள். அவளும் கூடவே நடந்தாள்.