தனி வகுப்பு

சொல்லாமல் விட்டுவிட்டால் என்ன, தனியாகச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டால் ஏன் என்று அந்த ஆள் கேட்கப்போகிறாரா... ஆனால் சொல்லாமல் விட்டு, அவர் மேலே நின்று நில்லு என்று கத்தி, மகள் நிற்காமல் போய், அங்கே கீழே மரங்கள் இருக்கும், வீடியோவில் பார்த்தாளே, தேவதாரு மரங்கள், பனிக்குள் பாதி புதைந்து... இளமதி கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள், உடனே நிமிர்த்தினாள். குல்மார்க்கில் பனிச்சறுக்கு சொல்லித்தருகிற பஷீர் மதியத்துக்குள் கூப்பிடுகிறேன் என்று செய்தி போட்டிருந்தார், தமிழ் அவருக்குத் தெரியாது, இந்தி இவளுக்குத் தெரியாது, ஆங்கிலத்தில்தான் சொல்லியாக வேண்டும், காலையிலிருந்து அந்த ஒரு வரியைத்தான் வாய்க்குள் உருட்டிக்கொண்டிருக்கிறாள், மை டாட்டர், லெஃப்ட் இயர்... அதற்கப்புறம் என்ன? டெஃப் என்றால் பெரிய சொல்லாக இருக்கிறது, வீட்டில் யாருமே அப்படிச் சொன்னதில்லை. நாட் வொர்க்கிங் என்றால் ஃபேன் ஓடவில்லை, மோட்டார் ஓடவில்லை என்கிற மாதிரி. கொஞ்சம் கம்மி என்றால் பொய். கொஞ்சமும் இல்லை, இடது காதில் ஒன்றுமே இல்லை, ஆறு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து கன்னத்து வீக்கம் வடிந்தபோது அந்தக் காதும் போய்விட்டிருந்தது, பாண்டிச்சேரி டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார், ஒரு காது நன்றாக இருக்கிறதே அம்மா, படிப்பாள், எல்லாம் செய்வாள் என்று. எல்லாம் என்று அவர் சொன்னதில் பனியில் பலகைமேல் நின்று சறுக்குவதும் சேர்த்தியா?

வெண்பா பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாள், அரைப்பரீட்சை முடிந்து லீவு விட்டதிலிருந்து அம்மாவோடு தொழிற்பேட்டைக்கு வந்துவிடுகிறாள், வூட்டுல நெட்டு வரல என்று காரணம். இங்கே பீங்கான் கம்பெனியில் காலையிலிருந்து மண் அரைக்கிற உருளை சுற்றிக்கொண்டே இருக்கிறது, அடுத்த அறையில் பெண்கள் பியூஸ் கட்டைகளைத் துடைத்து அடுக்கும் கலகலப்பு வேறு, இந்தச் சத்தத்தில் எப்படித்தான் வீடியோ பார்க்கிறாளோ, கால்மேல் கால் போட்டுக்கொண்டு, யாரோ ஒரு பெண் ஒற்றைப் பலகையில் வளைந்து வளைந்து இறங்குவதையே திரும்பத் திரும்ப. இரண்டு கட்டை கட்டிக்கொண்டு போவது வேண்டாமாம், இந்த ஒற்றைப் பலகைதான் வேண்டுமாம். யார் ஆரம்பித்தது இதை, கொழுந்தனார் மதிவாணன்தான், ஊட்டி கொடைக்கானல் எல்லாம் போதும் அண்ணி, இந்த வருஷம் பனியப் பாத்துட்டு வந்துடுவோம் என்றார், ரெண்டு குடும்பமாக டிக்கெட்டும் போட்டாகிவிட்டது. வகுப்புக்கு மட்டும் நான் பேசுகிறேன் என்று இவள் முந்திக்கொண்டாள். அவர் மனைவி வேல்விழிக்கு அது புரியவில்லை, ஏங்க்கா, பசங்க மூணு பேரையும் கும்பலோட சேத்து வுட்டா முடிஞ்சுது, எட்டு பேருக்கு ஒரு வாத்தியாரு, ஜாலியா இருக்கும்ல என்றாள். இருக்கும். அவளுடைய நிலவனும் சின்னவனும் எட்டு பேரில் எங்கே நின்றாலும் கேட்கும், வெண்பாவுக்கு? அதை வேல்விழியிடம் எப்படிச் சொல்ல, எட்டு வருஷமாக ஒரே தெருவில் குடியிருந்தும் சொல்லாததை. கணவர் கோதண்டபாணி அன்றைக்கே சொல்லிவிட்டார், பொம்பளப் புள்ள, பள்ளிக்கொடத்துல வாத்தியாருக்குத் தெரிஞ்சா போதும், சொந்தத்துல ஒருத்தருக்கும் தெரிய வேணாம், நாளைக்கு நாலு எடத்துல பேச்சு வரும்போது இதுதான் மொதல்ல வரும். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இருப்பதாக அப்போது தோன்றவில்லை, இப்போதும்... தெரியவில்லை.

ஒற்றைக் காது என்றால் பாதிச் சத்தம் கேட்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள், அப்படி இல்லை, சத்தம் கேட்கிறது, எங்கிருந்து என்பதுதான் தெரிவதில்லை. போன வருஷம் ஜங்ஷன் ரோட்டில் வெண்பா சைக்கிளில் முன்னால் போகிறாள், பின்னால் ஸ்கூட்டியில் இவள், ஸ்ரீமுஷ்ணம் பஸ் ஹாரன் அடிக்கிறது, குழந்தை பஸ் வருகிற பக்கமே சைக்கிளை ஒடிக்கிறாள், ஒதுங்குவதாக நினைத்துக்கொண்டு. பிரேக் போட்ட சத்தம் இன்னும் இளமதிக்குக் கேட்கிறது. கண்டக்டர் இறங்கிவந்து, ஏம்மா, காது கேக்கலயா என்று சாதாரணமாக எல்லோரும் கேட்பதைத்தான் கேட்டார், வெண்பா சிரித்துக்கொண்டே சாரிண்ணா என்றாள். சிரித்தாளே, எப்படிச் சிரிக்க முடிந்தது. பஸ்ஸாவது நிற்கும், பனியில் பின்னால் வருகிறவன் எப்படி நிற்பான், தலையில் ஹெல்மெட், அதற்குள் குல்லாய், காற்று வேறு, ஒருத்தன் இடப்பக்கம் தள்ளு என்று கத்துவான், வெண்பா இடமா வலமா என்று தேடுவதற்குள்... பேசாமல் ரத்து செய்துவிடலாமா, காய்ச்சல் என்று சொல்லி அறையிலேயே உட்காரவைத்துவிடலாமா, இரண்டு பையன்களும் சறுக்குவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு இவள்... ஐயோ வேண்டாம், அதற்கு இது தேவலை. தனி வாத்தியார், கைக்கெட்டும் தூரத்தில், வலப்பக்கம். அவ்வளவுதான் கேட்கப்போகிறாள்.

கைபேசி அதிர்ந்தது. வெண்பாவை டீ வாங்கிவரச் சொல்லி வெளியே அனுப்பிவிட்டுப் பேச வேண்டும் என்றுதான் நினைத்திருந்தாள், அதற்குள் எடுத்தும்விட்டாள். பரவாயில்லை, இவள் உட்கார்ந்திருப்பது குழந்தையின் இடப்பக்கம்தான், உருளை வேறு ஓடுகிறது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, வணக்கம் எல்லாம் சொல்லி, பெண், பதினாலு வயது, ஒற்றைப் பலகை, தனியாக வேண்டும்... பஷீர் சரி மேடம் சரி மேடம் என்று குறித்துக்கொண்டே வந்தார், நல்ல இளவயதுக் குரல், உடம்புக்கு ஏதாவது உண்டா மேடம், பழைய அடி, மூச்சுத் தொல்லை? இதுதான், இப்போதுதான். ஷீ கென்னாட் ஹியர், லெஃப்ட் இயர், ஃபுல்லி என்றாள் இளமதி, ஃபுல்லி என்று சொல்லும்போது உருளை நின்றது, மண்ணின் பதம் பார்க்க நடுவில் நிறுத்துவார்கள், அந்தச் சொல் மட்டும் அறை முழுக்கக் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்காமலேயே அவசரமாக முடித்தாள். பஷீர் ஒன்றும் பதறவில்லை, நான் அவளுக்குக் கீழே நின்றுகொள்கிறேன், என்னைப் பார்த்துக்கொண்டே இறங்கட்டும், கையால் சைகை காட்டுவேன், கத்த வேண்டிய வேலையே இல்லை என்றார், அப்புறம், பாப்பாவுக்குத் தனியாகக் கற்றுக்கொள்ள இஷ்டம்தானே மேடம், சில பிள்ளைகளுக்குப் பிடிக்காது, கேட்டீர்களா? கேட்டேன், கேட்டேன் என்றாள் இளமதி. யெஸ், யெஸ்.

"எங்கிட்ட எப்பம்மா கேட்ட?"

வெண்பா வீடியோவை நிறுத்தியிருந்தாள்.

"உனக்கு... கேட்டுதா?"

"ஒரே ரூம்லதானம்மா இருக்கோம். நீ பேசறது இந்தக் காதுல கேக்குது." வலது காதைத் தொட்டுக்காட்டினாள், ஏதோ புதிதாகப் போட்ட தோட்டைக் காட்டுவது போல. "எனக்குத் தனியா வேணாம். நெலவனோட, தம்பியோட ஒண்ணா கத்துக்கறேன்."

"கும்பல்ல வேணாம்டி, அம்மா சொன்னா கேளு. அங்க யாரு உன் பக்கம் பாத்து நின்னு சொல்லுவாங்க, அவங்களுக்கு என்ன தெரியும்."

"நெலவனுக்குத் தெரியுமே. ஆறாவதுலயே சொல்லிட்டேன். எங்க போனாலும் என் இந்தப் பக்கந்தான் நடப்பான், நீ பாத்ததே இல்லயா?"

பார்த்ததில்லை. அல்லது பார்த்திருப்பாள், பையன் நடக்கிறான் என்று பார்த்திருப்பாள், எந்தப் பக்கம் என்று யார் பார்க்கிறார்கள்... நிலவனுக்குத் தெரிந்தால் வேல்விழிக்கும் தெரிந்திருக்குமா, தெரிந்துகொண்டுதான் கும்பலோட வுடுங்கக்கா என்றாளா, இல்லை, அந்தப் பையன் இதுவரை வாயே திறக்கவில்லையா? "சித்திக்குத் தெரியுமா" என்று கேட்டாள், குரல் அவளுக்கே பிடிக்கவில்லை. "அது எனக்குத் தெரியல, நான் சித்திகிட்ட சொல்லல, நீதான் சொல்லக் கூடாதுன்னியே" என்றாள் வெண்பா. நான் எப்போது சொன்னேன் உன்னிடம், ஒரு நாளும் உன்னிடம் அதைச் சொன்னதில்லையே, அப்பாதான், அதுவும் என்னிடம்தான்... வெண்பா கையை நீட்டினாள், "போனக் குடு, இல்ல நீயே போட்டு சொல்லு. மூணு பேருக்கும் சேத்து ஒரே வாத்தியாரு, வேற யாரும் வேணாம்னு. அப்ப தனி மாதிரியும் ஆச்சு, ஒண்ணாவும் ஆச்சு." அவ்வளவு எளிதாக. காலையிலிருந்து ஏன் இது தோன்றவில்லை, மறைக்க வேண்டும் என்பதே முன்னால் வந்து நின்றுகொண்டதாலா? இளமதி மறுபடி கூப்பிட்டாள், இந்த முறை எந்தப் பக்கம் திரும்பிக்கொள்வது என்று தெரியாமல் மேசையைப் பார்த்தபடி பேசினாள், மூணு பேர், ஒரே குடும்பம், யெஸ், ஷீ ஒன்லி ஆஸ்க்ட். பஷீர் சிரித்தார், அனுப்புங்கள் மேடம், பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

சூளைப் பக்கமிருந்து கோதண்டபாணி கை கழுவிக்கொண்டே எட்டிப்பார்த்தார். "புக் பண்ணிட்டியா?"

"ம். மூணு பேருக்கும் சேத்து."

"அதான் நல்லது. வித்தியாசமா தெரியக் கூடாது" என்று குரலை இறக்கி, மகளின் இடப்பக்கமாகக் குனிந்து சொல்லிவிட்டுச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போனார். வெண்பா கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள், முகத்தில் ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லை. இளமதிக்கு அப்போதுதான்... இப்படித்தானே, எட்டு வருஷமாக இப்படித்தானே, காரில், சாப்பிடும்போது, கல்யாண வீட்டில் வரிசையில் உட்கார்ந்தபடி, இந்தப் பக்கம் வந்தால் கேட்காது என்று இரண்டு பேரும் குனிந்து குனிந்து, இவளைப் பற்றி, இவளை யாருக்குக் கொடுப்பது, காதுக்கு மெஷின் வைத்தால் வெளியே தெரியுமா, இன்னொரு குழந்தை இருந்திருந்தால்... எல்லாம் இந்த முகத்துக்குப் பக்கத்திலேயே, அந்த வலது காதுக்குக் கேட்கிற தூரத்திலேயே. ஒரு தடவையாவது நிமிர்ந்து பார்த்திருக்கிறாளா? பார்த்ததில்லை. கூப்பிட்டாலும் சில சமயம் திரும்ப மாட்டாள், பாவம் கேட்கவில்லை என்று எழுந்துபோய்த் தோளைத் தொடுவாள் இளமதி, ஒவ்வொரு தடவையும் மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். அந்தத் தடவைகளில் எத்தனை கேட்காதவை, எத்தனை கேட்டும் திரும்பாதவை...

உருளை மறுபடி ஓட ஆரம்பித்தது. "நான் போய் டீ சொல்லிட்டு வரேன்" என்று வெண்பா எழுந்தாள், உனக்கு இஞ்சி போட்டா என்று கேட்டாள், தலையாட்டியதும் நடந்தாள். வாசல் வரை போவதற்குள் இளமதி கூப்பிட்டாள், கத்தாமல், வீட்டில் கூப்பிடுகிற குரலில், வெண்பா என்று ஒரே ஒரு தடவை. அவள் திரும்பவில்லை. இந்தச் சத்தத்தில் யாருக்குத்தான் கேட்கும் என்று நினைத்தாள், எழுந்துபோய்த் தோளைத் தொடலாம் என்றும் நினைத்தாள், நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளியவள் அப்படியே நின்றாள்.