நாத்தனாரின் நூறு வாட்ஸ் பல்பு

எனக்கும் என் நாத்தனாருக்கும் ஏழாம் பொருத்தம். கணவரின் அக்கா, அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். டி.வி., மிக்ஸி ரிப்பேர் கடை வைத்திருப்பவர். எதற்கும் முகம் மாறாது. கல் நெஞ்சுக்காரி என்று என் கணவரிடம் எத்தனையோ முறை பொரிந்திருக்கிறேன். ஆனால் அன்று காலை என் அப்பாவின் ஆக்சிஜன் மெஷின் நின்றதும் முதலில் அவரைத்தான் கூப்பிட்டேன். கரண்ட் போய் வந்த வேகத்தில் டப்பென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கம்பெனிக்காரன் மூன்று நாள் ஆகும் என்றான். கைவசம் இருந்த சிலிண்டர் ஒரு மணி நேரம் தாங்கும். புதியது மாலையில்தான் வருமாம்.

பத்து நிமிடத்தில் வந்துவிட்டார். அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்திலேயே சப்பணமிட்டு மெஷினைத் திறந்தார். ஃப்யூஸ் கருகியிருந்தது.

"வேற ஃப்யூஸ் போட்டா ஓடிடாதா அண்ணி?"

"எதனால போச்சுன்னு தெரியாம போட்டா அதுவும் போகும். பொறு."

ஃப்யூஸ் இருந்த இடத்தில் ஒரு நூறு வாட்ஸ் பல்பைக் கோத்தார். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு எரியுமாம், வேறெதுவும் கருகாதாம். பளிச்சென்று எரிந்தது. மோட்டார் ஒயரைப் பிடுங்கினார். அப்போதும் எரிந்தது.

"அப்ப போர்டுலதான் கோளாறு."

போர்டை மூக்கருகே வைத்து மோந்து பார்த்தார். நாணயம் அளவு நீல வில்லை ஒன்று வெடித்திருந்தது. கரண்ட் எகிறினால் மற்றதைக் காப்பாற்றிவிட்டுத் தான் சாகும் பாகம் என்றார். அதை எடுத்ததும் பல்பு அணைந்தது. புதிதாக ஒன்றைப் பற்றவைத்தார். ஒரு சொட்டு ஈயம்கூடச் சிந்தவில்லை. யார் என்ன சொன்னாலும் சரி, அந்தக் கை வேலையை நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

மோட்டாரை மாட்டி ஸ்விட்ச் போட்டார். உர்ரென்றது, சுற்றவில்லை.

"மோட்டாரும் போயிடுச்சா?" என்று அவர் முணுமுணுத்தார். சிலிண்டர் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. அவர் மறுபடி மோட்டாரைக் குடையத் தொடங்கினார்.

"முடியாதுன்னா முதல்லயே சொல்லியிருக்கலாமே!" என்று கத்திவிட்டேன்.

ஸ்விட்சை இன்னொரு முறை போட்டார். கண்ணெதிரே பல்பு ஜகஜ்ஜோதியாக எரிந்தது. தலையில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ, பல்ப எடுக்கவே இல்ல! மோட்டாருக்குப் போற கரண்ட இதுதான் மறிச்சிட்டு இருக்கு. தப்பு என்னோடது."

எங்கள் இரண்டு குடும்பத்திலும் இந்தக் கடைசி வாக்கியத்தை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை, என்னையும் சேர்த்துத்தான்.

பல்பு இருந்த இடத்துக்குப் புது ஃப்யூஸ் வந்தது. மெஷின் ஒரு உதறு உதறி ஓடியது. குழாயை அப்பாவுக்கு மாட்டினேன். நெஞ்சு நிதானமாக ஏறி இறங்கியது. கத்தியதற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியாமல் நின்றேன்.

"இருபது வருஷத்துல ஒருநாள்கூட பல்ப மறந்ததில்ல," என்றார் அண்ணி, ஒயரைச் சுருட்டியபடி. "இன்னிக்கு வேலையில கவனமே போகல. அப்பா மூச்சையே கேட்டுட்டு இருந்துட்டேன்."