வேற்றுக் கை

செவலைக்குக் கடலைப் பிடிக்கவில்லை. அலை காலருகே வந்தால் துள்ளிப் பின்வாங்கும். அலை திரும்பிப் போகும்போது பின்னாலேயே ஓடிக் குரைத்துவிட்டு, விரட்டிவிட்டேன் பார்த்தாயா என்று என் முகத்தைப் பார்க்கும். சங்கிலி முஜிபுர் ரஹ்மானின் இடது கையில் இருந்தது. வலது கையில் வேகவைத்த ஆட்டு ஈரல். பத்தடிக்கு ஒருமுறை அவர் குனிந்து அதை நாயின் வாயருகே நீட்டுவார். செவலை முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளும். நான் இருபதடி தள்ளி, மௌன விரதம் இருப்பவளைப் போல வாய் திறக்காமல் நடந்துகொண்டிருந்தேன். மூன்று நாளாக இதே கூத்து.

நல்ல கடற்கரைதான், குறை சொல்லக்கூடாது. சவுக்குத் தோப்பு முடிகிற இடத்தில் மணல் ஆரம்பித்து, கண்ணுக்கு எட்டிய வரைக்கும் ஆள் கிடையாது. காலை வெயில் விழுந்தால் தண்ணீர் பித்தளைத் தாம்பாளமாக மின்னும். நாயைப் பிடித்துக்கொண்டு காற்று வாங்க நடப்பவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? எனக்குத்தான் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சொல்கிறது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. பூத்து நிற்கிற திராட்சைத் தோட்டத்தைப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன், மருந்தடிக்கிற ஆள் வந்தானோ இல்லையோ என்று ஒரு பக்கம். நான் இரவு எட்டு மணி பஸ் ஏறுவதற்குள் இந்த நாய் முஜிபுர் கையில் ஒரு வாயாவது தின்னுமா என்று மறுபக்கம்.

தின்னாவிட்டால் செவலை செத்தது. "அந்த நாய் திரும்ப இங்கன கால் வச்சா கறியில மருந்து வச்சிருவேன்" என்று என் கொழுந்தனார் ஒச்சாண்டி எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். சொன்னதைச் செய்கிற ஆள். அவர் மகள் கயலுக்கு ஆறு வயது. செவலையின் வாயில் பிஸ்கட்டைத் திணிக்கப் போனாள். மணிக்கட்டில் ஏழு தையல். என் வீட்டுக்காரர் செல்லப்பாண்டி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "நாயா, பிள்ளையா? நீயே சொல்லு." நான் என்னத்தைச் சொல்ல? கட்டுப் போட்ட கையோடு அந்தப் பிள்ளை என் மடியில்தான் படுத்திருந்தாள். "செவலைய அடிக்காத பெரியம்மா" என்றாள். அதற்கு நாலு அடி வாங்கியிருக்கலாம் போல இருந்தது எனக்கு.

முஜிபுருக்குச் சொந்த ஊர் உத்தமபாளையம். தொண்டிக்குத் தெற்கே இறால் பண்ணை போட்டிருக்கிறார். குளத்தில் வலை போட்டு இறாலைத் திருடுகிறார்கள், காவலுக்கு ஒரு கோம்பை நாய் வேண்டும் என்று ஊருக்கு வரும்போதெல்லாம் கேட்பார். அவருக்கே கொடுத்துவிடுவது என்று முடிவு செய்து, குட்டியானை வண்டியில் ஏற்றி அனுப்பினோம். ஐந்தாம் நாள் போன் வந்தது. "அக்கா, சோத்தத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குது. தட்டுல வச்சாலும் சரி, கையில குடுத்தாலும் சரி. ஒரு மூணு நாள் வந்து இருந்து பழக்கிவிட்டுட்டுப் போங்க." ஓடி வந்தேன். வந்த அன்று என் கையில் இருந்த சோற்றை அது விழுங்கிய வேகத்தைப் பார்த்து அழுகை வந்தது. கூடவே ஒரு திமிரும் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு நான் எதுவும் கொடுக்கவில்லை. பசித்தால் தின்னும் என்று நினைத்தோம். பசித்தது, தின்னவில்லை.

அன்று காலை நடையும் வீணாயிற்று. முஜிபுர் ஈரலைக் காக்கைக்கு வீசிவிட்டு, கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த வள்ளத்தின் மேல் உட்கார்ந்தார்.

"கோவிச்சுக்கிறாதீக அக்கா. எங்கிட்டக் கெடந்து பட்டினியில செத்துச்சுன்னா அந்தப் பாவம் எனக்கு வேணாம். சாயந்தரம் கூட்டிட்டுப் போயிருங்க. நானே வண்டி பிடிச்சுத் தாரேன்."

"கூட்டிட்டுப் போனா அங்கன கொன்னுருவாக, தம்பி."

அவர் ஈரல் பட்ட கையைக் கைலியில் துடைத்தார். பிறகு கேட்டார், "அப்பிடி என்னதான் பண்ணிப் பழக்குனீக இத?"

"மொளகாப்பொடி" என்றேன்.

தோட்டத்தில் திருட வருகிறவன் முதலில் நாய்க்குத்தான் கறித்துண்டு வீசுவான். அதனால் ஐந்து மாதக் குட்டியாக இருக்கும்போதே, தோட்டத்துக்கு வருகிறவர் போகிறவர் கையிலெல்லாம் மிளகாய்ப்பொடி திணித்த கறியைக் கொடுத்து அதற்கு நீட்டச் சொன்னேன். வாய் வெந்து கத்தும். வாய்க்காலுக்கு ஓடிக் குடிக்கும். திரும்பி வந்ததும் நான் தயிர்ச்சோறு பிசைந்து என் கையால் கொடுப்பேன். பத்தே நாள். வேற்றுக் கை என்றால் நெருப்பு, என் கை என்றால் சோறு என்று அதன் புத்தியில் ஏறிவிட்டது. எமன் வந்து நீட்டினாலும் என் நாய் தொடாது என்று எங்கள் ஊர் கோம்பை முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தேன். கயல் நீட்டியதும் வேற்றுக் கைதானே? பிள்ளையைக் கடித்தது நாயின் பல். கடிக்க வைத்தது நான்.

சொல்லி முடித்த வாயோடு எனக்கு வழியும் தெரிந்துவிட்டது. தெரியாமல் போயிருக்கக் கூடாதா என்று இருந்தது. பகல் முழுக்கப் பண்ணை வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன். சமையற்கட்டில் மிளகாய்ப்பொடி டப்பாவை இரண்டு முறை எடுத்து இரண்டு முறையும் வைத்தேன். மூன்றாவது முறை வைக்கவில்லை.

சாயந்தரம் மறுபடி கரைக்குப் போனோம். "சங்கிலியக் கழத்தி விட்டுருங்க தம்பி. இப்ப நான் குடுக்குறேன்" என்றேன். முஜிபுர் என் கையில் இருந்த உருண்டையின் நிறத்தைப் பார்த்தார்.

"அக்கா, வேணாம்க்கா."

"வேற வழி இருந்தாச் சொல்லுங்க."

அவர் குனிந்து சங்கிலியைக் கழற்றினார். உருண்டையை நீட்டினேன். செவலை மோந்துகூடப் பார்க்கவில்லை. என் கையில் இருப்பதை எதற்கு மோந்து பார்க்க வேண்டும்? அப்படியே வாங்கி விழுங்கியது. அடுத்த நொடி தலையை உதறியது. வாயில் நுரை தள்ளியது. மணலில் முகத்தைப் போட்டுத் தேய்த்தது. பிறகு என்னிடமே வந்து, என் முழங்காலில் தலையை முட்டி முனகியது. யாரோ தனக்குச் செய்துவிட்டதை என்னிடம் முறையிட வந்திருந்தது. ஆனாலும் அடுத்த உருண்டையை நீட்டினேன். அதையும் வாங்கிக்கொண்டது, பாவி நாய்.

இரண்டாவதற்குத்தான் அது ஓடியது. கடலுக்குள் மார்பளவு இறங்கி நக்கி நக்கிக் குடித்தது. எங்கள் பக்கம் தண்ணீர் என்றால் மலையடிவாரத்து லோயர் கேம்ப்பில் திறந்துவிட்டு வாய்க்காலில் வருகிற தண்ணீர். வாய் வைத்தால் தித்திக்கும். நாய்க்கு அவ்வளவுதான் தெரியும். அந்த நேரத்தில் எனக்கும் அவ்வளவுதான் தெரிந்தது. குடிக்கட்டும், எரிச்சல் அடங்கட்டும் என்று மரமாக நின்றேன்.

"அக்கா, உப்புத் தண்ணி! கொடலப் பெரட்டிரும்!" என்று கத்திக்கொண்டே முஜிபுர் கைலியோடு கடலில் இறங்கினார். நாய் அதற்குள் கக்க ஆரம்பித்திருந்தது. கழுத்தைப் பிடித்துக் கரைக்கு இழுத்து வந்தார். கடித்தால் கடிக்கட்டும் என்று நினைத்தாரோ, நினைக்கவே நேரம் இல்லையோ. மணலில் மண்டியிட்டு, தனக்குக் குடிக்க எடுத்து வந்திருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து, உள்ளங்கையைக் குழித்து ஊற்றி நீட்டினார்.

செவலை அந்தக் கையைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது. சோறு வைத்தால்கூட நான் "ம்" என்று சொன்ன பிறகுதான் வாய் வைக்கும். அந்த "ம்" தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. நான் சொல்லிக் குடித்தால் நாளைக்கு யார் சொல்லிக் குடிக்கும்? பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அதன் நாக்கு தொங்கியது, விலா ஏறி இறங்கியது. அவர் விரலிடுக்கில் தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்தது. கடைசியில் அது தலையைத் தாழ்த்தி நக்கியது. அவர் மறுபடி ஊற்றினார், மறுபடி நக்கியது.

"குடிக்குதுக்கா, குடிக்குது!" என்றார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். வயிறு எரிந்தது. என் நாய் இன்னொருத்தர் கையில் குடிக்கிறது என்று பொறாமையில் எரிந்தது; வேண்டி விரும்பி நானே செய்த காரியத்துக்கு நானே எரிந்தேன். கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கிவிட்டு, மிளகாய்க் கை என்று ஞாபகம் வந்து இறக்கினேன்.

தண்ணீர் தீர்ந்ததும் செவலை உடம்பை உதறிவிட்டு, வாலை ஆட்டிக்கொண்டு என்னை நோக்கி வந்தது. எட்டடி தூரத்தில் நின்றது. மூக்கைத் தூக்கி என் கையை மோந்தது. அது என் கையை மோந்து நான் பார்த்ததே இல்லை. வால் பாதியில் நின்றுவிட்டது. முன்னங்கால் ஒன்று தூக்கியபடியே இருந்தது. முன்னாலும் வைக்கவில்லை, பின்னாலும் வைக்கவில்லை. வாடா என்று ஒரு வார்த்தை சொன்னால் வந்துவிடும். நான் சிவந்த விரல்களை விரித்து, அதற்கு நன்றாக வாடை படும்படி, கையை நீட்டிக்கொண்டே நின்றேன்.