விழச் சொல்லித்தருதல்

மாமாவுக்கு விழச் சொல்லித்தரத் தெரியவில்லை. முகாம் தொடங்கியதிலிருந்து அக்கா இதைப் பார்ப்பவர்களிடமெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தாள். குழாயடியில் முகம் கழுவ வந்த யாரோ ஒரு கோமாளியிடம்கூட.

அவள் புலம்பலிலும் நியாயம் உண்டு. அக்கா சர்க்கஸ் ஊஞ்சலில் பறப்பவள். அவள் கணவரான மாமா, எதிர் ஊஞ்சலில் தலைகீழாகத் தொங்கி அவளைப் பிடிப்பவர். எங்கள் கம்பெனி அந்த ஆட்டத்தையே நிறுத்திவிட்டது. அக்காவோ வாயும் வயிறுமாக இருக்கிறாள். சர்க்கஸ்காரர்களை ஆசிரியர்களாக்கும் இந்த முகாமில் தேறினால் மாமாவுக்கு இங்கேயே பள்ளியில் வேலை, பின்பக்கம் ஒரு வீடு. தேறாவிட்டால் அவர் வேறு கம்பெனியோடு ஊர் ஊராகப் போக வேண்டியதுதான். பிள்ளை பிறக்கும்போது எந்த ஊரில் இருப்பாரோ.

தேர்வுக்கு ஆளுக்கொரு மாணவர் வேண்டும், அதுவும் ஊஞ்சலே ஏறாதவராக. எங்கள் வீட்டில் அப்படி நான் ஒருத்திதான்.

முதல் பாடமே விழுவதுதான். ஆடிப் போய், கம்பியை விட்டு, முதுகு கீழே வரும்படி வலையில் விழ வேண்டும். என் இடுப்பில் பெல்ட். அதிலிருந்து கயிறு மேலே கப்பி வழியாகப் போய் மாமாவின் கைக்கு வரும். நான் சரியாக விழுந்தால் அவர் கயிற்றைத் தளர விட வேண்டும். தலை முன்னால் வந்தால் மட்டும் இழுக்க வேண்டும். நான் எப்படி விழுந்தாலும் மாமா இழுத்தார். வலைக்கு மேலே காயப்போட்ட துணி மாதிரி நான் தொங்கினேன்.

"ஏங்க, அவ என்ன கண்ணாடி டம்ளரா? விட்டுத் தொலைங்களேன்!"

"விடணும்னுதான் நெனச்சேன். கை கேக்க மாட்டேங்குது."

"கை கேக்கலையாம்! நான் சொன்னா உங்க காது கேக்காது, நீங்க சொன்னா உங்க கையே கேக்காது. நல்ல குடும்பம்!"

மாமா அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அக்காவுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

தேர்வு நாளில் முகாம் டீச்சர் வலைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். "மூணு வாய்ப்பு. அதுக்கு மேல என்னைக் கெஞ்சாதீங்க" என்றார்.

முதல் முறை தொங்கினேன்.

"கடவுளே!" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

இரண்டாம் முறை ஆடும்போது, பயத்தில் எதையாவது பார்க்க வேண்டுமே என்று மாமாவின் கைகளைப் பார்த்தேன். கயிறு தளர்வாகத்தான் இருந்தது. "ஹெப்!" என்று அக்கா கூவினாள். ஊஞ்சலில் கம்பியை எப்போது விடுவது என்பதை இன்னொருவர் கூவித்தான் சொல்வது வழக்கம். எனக்குக் கணக்குத் தெரியாததால் ஒவ்வொரு முறையும் அக்காதான் கூவினாள். நான் கம்பியை விடுவதற்கு முன்பே, அந்தச் சத்தம் கேட்டவுடனே, மாமாவின் கைகள் கயிற்றை இறுக்கிக்கொண்டன. இத்தனை வருடமும் அந்தச் சத்தம் கேட்டால்தான் அவர் அவளைப் பிடித்திருக்கிறார்.

மறுபடியும் தொங்கினேன்.

மூன்றாம் முறை மேலே ஏறி நின்றபோதும் பயந்தேன். குதிப்பதற்காக இல்லை. இத்தனை பேர் முன்னால் வாயைத் திறக்க வேண்டுமே என்றுதான். என்னிடம் யாராவது மணி கேட்டாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

"அக்கா."

"என்னடி? குதி சீக்கிரம்!"

"நீ கூவாத."

"என்னது?"

"வாயத் திறக்காத. கொஞ்ச நேரம்."

கூடம் முழுக்கச் சிரித்தது. "பாத்தீங்களா மேடம்? சொல்லிக் குடுக்கத் தெரியாதது அந்த மனுஷன், திட்டு எனக்கு!"

"அந்தப் பொண்ணு சொல்றத ஒரு தடவ கேளுங்கம்மா" என்றார் டீச்சர்.

அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணால் மட்டும் என்னைத் திட்டினாள்.

ஆடினேன். எப்போது விடுவது என்று சொல்ல யாரும் இல்லை. போதும் என்று தோன்றியபோது விட்டேன். முதுகில் வலை அறைந்தது, தூக்கிப் போட்டது, மறுபடி வாங்கிக்கொண்டது. தளர்ந்த கயிறு என் முகத்தில் வந்து விழுந்தது.

மாமா வலைக்கடியில் ஓடி வந்தார். "அடி பட்டுச்சாம்மா? ஐயோ, நான் பிடிக்கவே இல்லையே!"

"அதுக்குத்தான் சார் மார்க்கே" என்றார் டீச்சர்.

ஆனாலும் அவர் லேசில் விடவில்லை. என்னை மறுபடி ஏற்றி, காதில் மட்டும் சொல்லி, வேண்டுமென்றே தலைகுப்புற விழவைத்தார். அதை மாமா அழகாக இழுத்துப் பிடித்தார். பிறகுதான் டீச்சர் எழுந்தார்.

"வேலை உங்களுக்குத்தான். ஒரே ஒரு நிபந்தனை. நீங்க பாடம் நடத்துறப்ப உங்க வீட்டுக்காரம்மா கூடத்துக்குள்ள வரக் கூடாது."

அக்கா கையை வாயிலிருந்து எடுத்தாள். "இது என்ன அநியாயம்? வீட்டையும் குடுத்துட்டு, வெளிய நில்லுன்னா? ஏங்க, நீங்களாவது கேளுங்களேன்!"

மாமா கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, "கேட்டா வேலை போயிடும்" என்றார்.

அன்று முழுக்க அக்கா என்னோடு பேசவில்லை. மாமாவிடம் பேசினாள். எல்லாம் என்னைப் பற்றித்தான்.