குடிலுக்குத் தராத ஆலமரம்

"கொழந்தை ஏசுவைவிட ஒனக்கு அந்த ஆலங்கன்னு பெருசாப் போச்சாத்தா?"

குடிலுக்கு மரம் வேண்டும் என்றதற்கு நான் தலையாட்டாமல் இருந்தேன். அப்பா இதைக் கேட்டபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். பதில் சொல்லவில்லை. யார் எது கேட்டாலும் எனக்கு அப்படித்தான். பதில் நெஞ்சுவரைக்கும் வரும், வாய்க்கு வராது. எட்டாம் வகுப்பில் டீச்சர் கேள்வி கேட்டால் எழுந்து நிற்பேன். அடுத்த பெண் பதில் சொல்லி உட்கார்ந்த பிறகும் நின்றுகொண்டிருப்பேன். "சும்மா நிக்கிறதுக்கு எதுக்குப் பள்ளிக்கூடம்? வீட்லயே நிக்கட்டும்" என்று அப்பா நிறுத்திவிட்டார்.

எங்கள் கோயிலில் கிறிஸ்மஸ் குடில் கட்டுவது அப்பாதான். சாக்கைச் சேற்றில் முக்கி மலை செய்வார். கிண்ணங்களில் கேழ்வரகு விதைத்து, கூடையைக் கவிழ்த்து முளைக்கவைத்துப் புல்தரை ஆக்குவார். ஆவூரிலிருந்துகூடச் சனம் வந்து பார்த்துவிட்டுப் போகும். இந்த வருஷம் பாதிரியார், எங்கள் பங்குச்சாமி, புதியவர். அவர் முன்னால், பூசை முடிந்து வெளியே வந்த இருபது முப்பது பேர் முன்னால், அப்பா சொல்லிவிட்டார்: "நம்ம பெத்லகேம்ல இந்தத் தடவை நெசமான ஆலமரம் நிக்கும் சாமி. எம்மக வளத்தது."

என்னிடம் கேட்கவில்லை. நான் பெண்கள் பக்கத்து வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த மரம் கிணற்றுச் சுவர் வெடிப்பில் முளைத்தது. அப்பாவே பிடுங்கிப் போடச் சொன்னதுதான். பிடுங்கினேன், போடவில்லை; ஒரு தட்டில் நட்டுவைத்தேன். பினாங்கிலிருந்து திரும்பி வந்திருந்த சூசைமேரி அக்கா வீட்டில் அப்போதே புளியும் இலுப்பையுமாக நாலைந்து மரங்கள் முழ உயரத்தில் தட்டுகளில் நின்றன. பினாங்கில் அவர்களுக்கு அடுத்த வீடு சீனர் வீடு. அந்த வீட்டு மாடியில் பார்த்ததை இங்கே வந்து செய்ய ஆரம்பித்தவர். பிறகு பிச்சையம்மாள் அக்கா சேர்ந்தார். நான் சேர்ந்தேன். இலுப்பூரிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஊர் எங்களைக் 'குள்ளமரச் சங்கம்' என்றது. நாங்களும் அந்தப் பெயரையே வைத்துக்கொண்டோம்.

சங்கத்துக்கு ஒரே ஒரு சட்டம். வளர்த்தவள் கையைத் தவிர வேறு கை மரத்தில் படக்கூடாது. தைமாதம் இலுப்பூர்ப் பள்ளிக்கூடத்தில் பெஞ்சு போட்டு மரங்களை வைப்பார்கள். வளர்த்தவளே பக்கத்தில் நின்று, கேட்பவர்களுக்குச் சொல்லவேண்டும். அதற்குப் பயந்து நான் மூன்று தடவை மரத்தை வெளியே எடுக்கவில்லை.

இந்தத் தை விடுவதாக இல்லை. காரணம், விழுது. மேல்கிளையிலிருந்து நூல் மாதிரி ஒரு வேர் தொங்கியது. காற்றில் காய்ந்து கருகிவிடும் என்று, பப்பாளி இலைக் காம்பைக் குழாயாக வெட்டி, உள்ளே ஈரப்பாசி அடைத்து, அதற்குள் விழுதை இறக்கினேன். காம்பு அழுகும், புதுக் காம்பு மாற்றுவேன். புரட்டாசியில் விழுது மண்ணைத் தொட்டது. ஐப்பசியில் இலை எல்லாவற்றையும் கிள்ளிவிட்டேன். ஆத்தா தலையில் அடித்துக்கொண்டது. ஆனால் கிள்ளினால்தான் அடுத்த இலை சின்னதாக வரும். பழைய இலை உள்ளங்கை அகலம். புதிதாக வந்தது இரண்டு விரல் அகலத்தோடு நின்றது. முதல் தடவையாக அது கன்றாகத் தெரியாமல் மரமாகத் தெரிந்தது.

குடிலில் வைத்தால் இதெல்லாம் போய்விடும். கோயிலுக்குள் அந்த மூலையில் வெயில் எட்டாது. கொழுந்து வெளிச்சம் தேடி நீளும், இலை வெளுக்கும், உதிரும். போன கிறிஸ்மஸுக்கு சூசைமேரி அக்கா புளியமரத்தைக் கொடுத்தார். திரும்பி வந்தது குச்சி.

அவரிடம் போய்ச் சொன்னேன்.

"ஒங்கப்பா வாக்குக் குடுத்துட்டாரா?" என்றார். "அப்ப ஒன் மரம் சொர்க்கத்துக்குப் போகப் போகுது. என்னோடது ஏற்கெனவே அங்கதான் இருக்கு. தொணையா இருக்கும்."

பக்கத்தில் இருந்த பிச்சையம்மாள் அக்கா சிரிக்கவில்லை. "எங்க அய்யனாருக்குன்னா மண்ணுல குதிரை செஞ்சு வைப்போம். உசிரோட இருக்கதை வச்சு வாட்டமாட்டோம். நீ வாயைத் தொறந்து சொல்லு செல்வி. வாய் எதுக்கு இருக்கு, சோறு திங்க மட்டுமா?"

மறுநாள் அப்பாவின் கேழ்வரகுக் கிண்ணங்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன். கூடைக்கு அடியில் ஒரு சாண் உயரம் வளர்ந்து, மஞ்சளாகத் துவண்டு கிடந்தது.

"அப்பா, இருட்டுல வச்சா என் மரமும் இப்புடி ஆயிரும்."

"இது புல்லு. ஜனவரி ஆறாந்தேதி மூணு ராசா திருநாள் வரைக்கும் தாங்குனாப் போதும்."

"மரம் அதுக்கப்புறமும் இருக்கணும்ல?"

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் அடுத்தடுத்து இரண்டு வாக்கியம் பேசியது அவருக்கே புதிதாக இருந்திருக்கும்.

"பூசை நேரத்துக்கு மட்டும் தாரேன்பா" என்றேன். "நானே கொண்டாந்து வைக்கிறேன். முடிஞ்சதும் நானே தூக்கிட்டுப் போயிர்றேன்."

"ஒனக்குத் தெரியாதாக்கும்? குடில்ல வச்சதை மூணு ராசா திருநாளுக்கு முன்னாடி எடுக்கப்படாது. ஆட்டுக்குட்டி பொம்மை சாஞ்சு கெடந்தாக்கூட நிமித்த மாட்டேன் நான். எங்கப்பா காலத்துலருந்து அப்புடி."

"அப்பத் தரலைப்பா."

அவர் கிண்ணத்தை எடுத்துக் கூடைக்கு அடியில் திரும்ப வைத்தார். சாயந்தரம் ஆத்தா வந்தது. "குடுத்துத் தொலையேன்டி. ஆலு வீட்டுக்கு ஆகாதுன்னு ஊரே சொல்லுது. ஊரு முன்னாடி மனுசன் தலை குனியணுமா?"

அது எனக்கும் உறுத்தியது. அப்பாவுக்கு நிலம் கொஞ்சம், பேச்சு அதைவிடக் கொஞ்சம். வருஷத்தில் இந்த ஒரு மாதம்தான் எல்லோரும் அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பேசுவார்கள். அவர் கொடுத்த வாக்கை நான் வீட்டுக்குள் உட்கார்ந்து மறுத்தால், அது அவர் மீறிய வாக்காகத்தான் போய்ச் சேரும். நான் வெளியே போய் மறுத்தால் அது என் பேச்சாக இருக்கும். அப்படித்தான் யோசித்தேன்.

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் மத்தியானம் மரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். வீட்டில் விட்டுவிட்டுப் போனால் திரும்பி வரும்போது இருக்குமோ இருக்காதோ.

அப்பா முக்காலியில் ஏறி நின்று சாக்கு மலையை ஆணியில் கட்டிக்கொண்டிருந்தார். மலையடிவாரத்தில், மாட்டுக்கொட்டகைக்கு வலப்பக்கம், மணல் பரப்பி ஓர் இடத்தைக் காலியாக விட்டிருந்தார். என் தட்டு சரியாக உட்காரும் அளவு. பங்குச்சாமி கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்துருச்சா மரம்?" என்று சாமி இரண்டு கையையும் நீட்டினார்.

நான் பின்னால் நகர்ந்தேன்.

"சாமி, இது குடிலுக்கு இல்லைங்க."

என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். கோயில் காலியாக இருந்ததால் இந்தத் தடவை சுவரில் பட்டுத் திரும்பி வந்தது.

"ஒங்கப்பா தாரேன்னு சொன்னாரேம்மா?"

"அவுக சொன்னாக. நான் சொல்லலைங்க."

"அப்பாகிட்டக் கேட்டுட்டுத்தான் வந்தியா?"

"அப்பா எங்கிட்டக் கேக்கலைங்க சாமி."

முக்காலியின் மேல் கயிறு இழுபடும் சத்தம் நின்றது. நான் அங்கிட்டுப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மிச்சம் வந்திருக்காது. கிணற்றுச் சுவரைச் சொன்னேன். பப்பாளிக் காம்பைச் சொன்னேன். வெயில் இல்லாவிட்டால் இலை என்ன ஆகும் என்று சொன்னேன். தைமாதம் இலுப்பூரில் இதன் பக்கத்தில் நான் நிற்கப் போவதைச் சொன்னேன். நடுவில் இரண்டு இடத்தில் திக்கி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். சாமி குறுக்கே பேசாமல், குனிந்து விழுதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு நாள்?" என்றார் கடைசியில். "பெருநாளுக்கு மட்டும்?"

"வச்சா எடுக்கப்படாதுங்க. அப்பா சரியாத்தான் சொல்றாக. அதனால வைக்கலைங்க."

சாமி நிமிர்ந்து முக்காலியைப் பார்த்தார். "என்ன சந்தனசாமி, வேப்பங்கொப்பு ஒண்ணு வெட்டி நட்டுக்குவமா?"

அப்பா இறங்கினார். கையில் ஒட்டியிருந்த சேற்றைச் சாக்கில் தேய்த்தார். காலியாக விட்டிருந்த இடத்து மணலைக் காலால் ஒரு தடவை நிரவினார். சுவரோரம் கிடந்த அரிவாளை எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். நான் நின்றது வழியில்தான். இடுப்பில் தட்டோடு விலகத் தோன்றாமல் அப்படியே நின்றேன். கிட்டே வந்ததும் அவர் தோளில் தொங்கிய துண்டை, விழுதில் பட்டுவிடாமல் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. என்னைக் கடந்து வெயிலில் இறங்கிப் போனார்.